மோர் பாக்கெட்டில் ‘புரோபயாடிக்’ என்று போடலாமா?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. எட்டுப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து இரண்டு வருஷமாகத் தயிரும் மசாலா மோரும் பாக்கெட் போட்டு அம்பை, கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி கடைகளுக்குக் கொடுக்கிறோம். இப்போது திருநெல்வேலி ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் கேட்கிறார்கள். பெரிய கடைகளில் ‘புரோபயாடிக்’ என்று போட்ட தயிர் கூடுதல் விலைக்குப் போகிறது. தயிரில் இருப்பதெல்லாம் நல்ல பாக்டீரியாதானே, நாமும் போடுவோம் என்று சென்னையில் படிக்கும் என் அக்கா மகன் புது டிசைன் செய்து அனுப்பியிருக்கிறான். இதோடு வைத்திருக்கிறேன். சிவகாசியில் கவர் அச்சடிக்கிற சிலிண்டர் செய்யக் கொடுக்கப் போகிறோம். கொடுக்கலாமா? இட்லி மாவுக்கும் இதே மாதிரி போட முடியுமா?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம் வட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சிவகாசிக்கு ஒரு போன் போட்டு, சிலிண்டர் வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். மற்றதை நிதானமாகப் படிக்கலாம். சிலிண்டர் ஒருதடவை வெட்டிவிட்டால் ஒரு எழுத்தை மாற்றுவதற்கும் புதிதாகத்தான் செய்ய வேண்டும், அச்சடித்த ரோலும் குப்பைக்குத்தான் போகும்.

உங்கள் டிசைனைப் பார்த்தேன். முன்பக்கம் பெரிதாகப் ‘புரோபயாடிக் மோர்’. அதற்குக் கீழே ‘கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்கள்’. பின்பக்கம் ‘வயிற்றுப் புண்ணை ஆற்றும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்’. இந்த மூன்றில் நடுவில் இருப்பது உண்மை. முதலாவது நீங்கள் நிரூபிக்காதது. மூன்றாவது யார் வந்து நிரூபித்தாலும் மோர் பாக்கெட்டில் போடக்கூடாதது.

நடுவில் இருப்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

புரோபயாடிக் உணவுக்கு, அதாவது உடம்புக்குப் பலன் தரும் உயிருள்ள நுண்ணுயிரி சேர்த்த உணவுக்கு, நம் நாட்டில் தனி விதி இருக்கிறது. உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ 2016-ல் கொண்டுவந்து, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் அவை. 2022-ல் அவற்றைத் திருத்தி அமைத்தபோது விதிகளின் தலைப்பிலேயே பிரீபயாடிக் (நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாகும் பொருள்), புரோபயாடிக் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துவிட்டார்கள். அதன்படி, ஒரு நாளைக்குச் சாப்பிடச் சொல்லும் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிரிகள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போக வேண்டுமானால் அந்தக் குறைந்த எண்ணிக்கையிலும் பலன் உண்டு என்று ஆய்வு காட்டி முன் அனுமதி வாங்க வேண்டும்.

10 கோடி என்றதும் மலைக்க வேண்டாம். ஒழுங்காக உறைந்த தயிர் வகைகளில் கிராமுக்கு ஒரு கோடிக்குக் குறையாமல் பாக்டீரியா இருக்க வேண்டும் என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேசத் தரம். அந்தக் கீழ்வரம்பையே உங்களுக்கும் வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு தயிருக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டுக் கடைகிறீர்கள் என்றால் மோரில் மில்லிக்கு 33 லட்சம். உங்கள் 200 மில்லி பாக்கெட்டில் 66 கோடி. சட்டம் கேட்பதைப் போல ஆறு மடங்குக்கு மேல் வந்துவிட்டது பாருங்கள்.

இதை எப்படி எண்ணுகிறார்கள் என்று ஒருதடவை பார்த்துவிட்டால் மீதிக் கதையும் புரிந்துவிடும். பால் நிறுவன ஆய்வகத்தில் நான் பல வருஷம் செய்த வேலை இதுதான். ஒரு மில்லி மோரை எடுத்து, கிருமி நீக்கிய 9 மில்லி தண்ணீரில் விட்டுக் கலக்குவோம். அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து அடுத்த குழாயில் 9 மில்லியில் விடுவோம். இப்படியே நாலு தடவை, ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் பத்தில் ஒரு பங்காகக் குறையும். கடைசிக் குழாய்களிலிருந்து ஒரு மில்லியைத் தட்டில் விட்டு, அதன்மேல் பாக்டீரியா வளர்க்கும் எம்ஆர்எஸ் என்ற கூழை ஊற்றி ஆறவிட்டு, 37 டிகிரிப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைப்போம். திறந்து பார்த்தால் கூழுக்குள் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பாக்டீரியா பெருகிச் சேர்த்த குடும்பம். தட்டில் 30 முதல் 300 வரை இருந்தால்தான் எண்ணிக்கையை நம்புவோம். உங்கள் மோரை வைத்தால் நாலாவது தட்டில் 330 புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், எண்ண முடியாது. ஐந்தாவதில் 33. அதை வைத்துப் பின்னோக்கிப் பெருக்கினால் மில்லிக்கு 33 லட்சம்.

சரி, இப்போது அந்த 33 புள்ளிகளில் ஒன்றைக் காட்டி, ‘இது யார்?’ என்று நான் கேட்டால் உங்களால் பெயர் சொல்ல முடியுமா? என்னாலும் முடியாது. அந்தத் தட்டாலும் முடியாது. எல்லாம் வெள்ளைப் புள்ளி.

புரோபயாடிக் விதி கேட்பது இந்தப் பெயரைத்தான். அதுவும் பேரினப் பெயர், சிற்றினப் பெயர், அதற்கு மேல் ரகத்தின் குறியீடு என்று மூன்றும் லேபிளில் இருக்க வேண்டும். ரகக் குறியீட்டுக்குப் பதில், அந்த நுண்ணுயிரியைச் சேமித்து வைத்திருக்கும் வங்கி கொடுத்த எண்ணையும் போடலாம்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. நெல்லுக்கு அறிவியல் பெயர் ஒரைசா சட்டைவா. பொன்னியும் அதுதான், பாசுமதியும் அதுதான், அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அம்பை 16-ம் அதுதான். ஆனால் இட்லிக்கு அரிசி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், ‘எல்லாம் ஒரைசா சட்டைவாதானே அம்மா’ என்று பாசுமதியை அளந்தால் நீங்கள் சும்மா வருவீர்களா? பாக்டீரியாவிலும் அதே கதை. லாக்டோபேசிலஸ் ரேம்னோசஸ் என்பது பேரினமும் சிற்றினமும். அதில் ஜிஜி என்பது ஒரு ரகம். அதைப் பிரித்தெடுத்த கோர்பாக், கோல்டின் என்ற இரண்டு பேருடைய முதலெழுத்து அது. வங்கி எண் ஏடிசிசி 53103. வயிற்றுப்போக்கு சம்பந்தமாக ஆய்வுகள் நடந்தது அந்த ரகத்தை வைத்து. அந்த முடிவைக் காட்டி, அதே சிற்றினத்தில் வேறு ஒரு ரகத்தை நீங்கள் விற்க முடியாது. யாகுல்ட் என்ற புரோபயாடிக் பால் பானத்தின் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், லாக்டோபேசிலஸ் கேசி என்பதோடு நிற்காமல் ஷிரோட்டா என்ற ரகப் பெயரும் இருக்கும். 65 மில்லியில் 650 கோடி என்று எண்ணிக்கையும் போட்டிருப்பார்கள். விதியில் சொன்ன பெயரும் எண்ணும் இவைதான்.

இடையில் ஒன்று. 2020-ல் லாக்டோபேசிலஸ் என்ற பெரிய குடும்பத்தை அறிவியலாளர்கள் 25 பேரினங்களாகப் பாகம் பிரித்துவிட்டார்கள். ரேம்னோசஸும் கேசியும் இப்போது லாக்டிகேசிபேசிலஸ். அதனால் ஒரே ரகம் ஒரு பாக்கெட்டில் பழைய பெயரிலும் இன்னொன்றில் புதுப் பெயரிலும் இருந்தால் போலி என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் உறைமோர். முதல்நாள் தயிரில் ஒரு கரண்டி எடுத்து மறுநாள் பாலுக்கு ஊற்றுகிறீர்கள், இல்லையா? அதில் பத்து வகை இருக்கலாம், இருபது வகையும் இருக்கலாம். சித்திரை வெயிலில் ஒரு கூட்டம் மேலே வரும், ஐப்பசி மழையில் இன்னொரு கூட்டம். உறை கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் வாங்கி வந்து ஊற்றியிருப்பீர்கள், அன்றோடு மொத்தக் குடியும் மாறியிருக்கும். எங்கள் ஆச்சி காலத்தில் தெரு முழுக்க ஒரே உறைதான் சுற்றிக்கொண்டிருந்தது. ருசிக்கு இந்த முறை மாதிரி வராது என்பது என் கட்சி. லேபிளில் போட இதில் பெயர் மட்டும் கிடைக்காது.

விதியிலும் இதை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதிவிட்டார்கள். தயிர், அதைச் சேர்ந்த பொருட்கள் செய்ய வழக்கமாக ஊற்றும் உறை பாக்டீரியாக்களை, புரோபயாடிக் குணம் நிரூபிக்கப்படாதவரை புரோபயாடிக்காகக் கொள்ளக்கூடாது. உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் இந்த ஒரு வரிதான். ‘தயிரில் இருப்பதெல்லாம் நல்ல பாக்டீரியாதானே’ என்று நீங்கள் எழுதியதில் தப்பில்லை. நல்ல பாக்டீரியா என்பது நாம் பேசுகிற பேச்சு. புரோபயாடிக் என்பது, இன்ன பெயருள்ள ஆள், இத்தனை பேர், இன்ன தேதி வரை உயிரோடு இருப்பார்கள், இன்ன பலன் உண்டு என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம்.

பழைய சோற்றைப் பற்றியும் இப்படித்தான் கேட்கிறார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அதை எடுத்து ஆராய்ந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் அதைச் சொல்லி ஒருவர் நீராகாரத்தைப் பாட்டிலில் அடைத்துப் புரோபயாடிக் என்று ஒட்ட முடியாது. அங்கே ஆராய்ந்தது அந்தச் சோறு, பாட்டிலில் இருப்பது இவர் வீட்டுப் பானை.

‘இன்ன தேதி வரை’ என்றேன் அல்லவா, பெரிய நிறுவனங்களே சறுக்கும் இடம் அது. லேபிளில் போடும் எண்ணிக்கை, பொருளின் ஆயுள் முடியும் நாளில் இருக்க வேண்டிய எண்ணிக்கை. பாக்கெட் போட்ட அன்றைக்கு இருந்தது அல்ல. நான் வேலை பார்த்த ஒரு பால் நிறுவனத்தில் இந்தத் தப்பு நடந்தது, லேபிளில் கையெழுத்துப் போட்டு அனுப்பியவன் நான்தான். பாக்கெட் போட்ட அன்று தட்டு பார்த்து, வந்த எண்ணை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு ஒரு நாள், ஆயுள் முடியப்போகிற பாக்கெட் ஒன்றைக் கடையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்து சும்மா எண்ணிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. லேபிளில் இருந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அந்த ரோல் முழுவதையும் வெட்டிப் போட்டோம். முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

எண்ணிக்கை ஏன் இறங்குகிறது? பாக்டீரியா தான் சுரக்கும் அமிலத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். கவர் வழியாக உள்ளே வரும் காற்று சில ரகங்களுக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலே சூடு. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் பார்த்தேன், ராத்திரி கடை அடைக்கும்போது கரண்ட் பில்லுக்குப் பயந்து ஃப்ரிட்ஜ் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகிறார். காலையில் வந்து போட்டால் ‘சில்லு’ என்றுதானே இருக்கிறது என்கிறார். பாளையங்கோட்டை மே மாதத்தில், மூடிய கடைக்குள் அந்தப் பெட்டி எட்டு மணி நேரத்தில் என்ன சூட்டுக்கு வந்திருக்கும்? உங்கள் மோரும் அம்பையிலிருந்து டிரேயில் வைத்துப் பஸ்ஸில்தான் வரப்போகிறது. இதனால்தான் சேமிக்க வேண்டிய வெப்பநிலை, திறந்த பின் எவ்வளவு நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்ற இரண்டையும் புரோபயாடிக் லேபிளில் கட்டாயம் ஆக்கியிருக்கிறார்கள்.

லேபிளில் இன்னும் என்ன வர வேண்டும் என்று வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘புரோபயாடிக் உணவு’ என்ற சொற்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற அளவு. அந்த அளவு நீங்கள் சொல்லும் பலனுக்குத் தேவையான அளவாக இருக்க வேண்டும். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற குறிப்பு. யார் சாப்பிடக்கூடாது, தெரிந்த பக்கவிளைவு என்ன, எந்த மருந்தோடு ஒத்துப்போகாது என்ற எச்சரிக்கைகள். மோருக்கு எச்சரிக்கையா என்று சிரிக்க வேண்டாம். உயிருள்ள பாக்டீரியாவைக் கோடிக்கணக்கில் கொடுப்பது, எதிர்ப்புச் சக்தி அடியோடு குறைந்தவர்களுக்குச் சில நேரம் ஆபத்தாகும். மருத்துவமனையில் இருக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பது பற்றி அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023-ல் எச்சரிக்கையே விட்டது.

இவ்வளவும் தெரிந்த பிறகும், ‘இல்லை அண்ணாச்சி, நாங்கள் முறையாகவே செய்கிறோம்’ என்றால் அதற்கு வழி இருக்கிறது. உறைமோரை விட்டுவிட்டு, ரகம் தெரிந்த உறைப்பொடியை வாங்க வேண்டும். விதிகளோடு அனுமதிக்கப்பட்ட நுண்ணுயிரிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் உள்ளதாக, ரகத்துக்கு ஆய்வு ஆவணமும் உள்ளதாக விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். (பால் பாக்டீரியாக்களுக்கென்று கர்னாலில் தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனத்தில் என்சிடிசி என்ற சேமிப்பு வங்கி இருக்கிறது. உங்கள் ஆவணத்தில் அந்த எழுத்துக்களோடு ஒரு எண் வந்தால் அது இதுதான்.) பிறகு அந்த ரகத்தை உங்கள் மோரில், நீங்கள் போடும் உப்பு, இஞ்சி, பெருங்காயம், பச்சை மிளகாயோடு சேர்த்து, ஆயுளின் கடைசி நாள் வரை எண்ணிப் பார்க்க வேண்டும். அதுவும் மற்ற வெள்ளைப் புள்ளிகளிலிருந்து இந்த ரகத்தைப் பிரித்து எண்ணத் தெரிந்த, என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில். ஒருதடவை எண்ணினால் போதாது, கோடையிலும் எண்ண வேண்டும். உங்கள் பதிவிலோ உரிமத்திலோ பால் பொருள் என்றுதான் குறித்திருப்பீர்கள், புரோபயாடிக் உணவு வேறு வகையில் வருகிறது. உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலர் அலுவலகத்தில் முதலில் அதைக் கேளுங்கள். பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருப்பதால், நம் பக்கத்தில் எடுக்கும் மாதிரி வெளியூர் போய் மறந்துவிடும் என்ற நினைப்பும் வேண்டாம்.

எட்டுப் பேர் குழுவுக்கு இப்போது இந்தச் செலவு தேவையா என்றால், தேவையில்லை என்பேன். நீங்கள் விற்பது ருசி. அதைக் கெடுத்துக்கொண்டு, பெரிய நிறுவனங்கள் பல வருஷம் பணம் கொட்டிய இடத்தில் போய்ப் போட்டி போடுவானேன்?

பின்பக்க வாசகத்துக்கு வருகிறேன். வயிற்றுப் புண், சர்க்கரை என்று நோயின் பெயரைச் சொல்லி, தடுக்கும், ஆற்றும், குணமாக்கும் என்று உணவுப் பாக்கெட்டில் போடக்கூடாது. அதை உடனே அழித்துவிடுங்கள். திருநெல்வேலி அல்வா ருசிக்குத் தாமிரபரணித் தண்ணிதான் காரணம் என்று யாரும் சொல்லலாம், ஒருவரும் ஆய்வு கேட்க மாட்டார்கள். அதே அல்வா மூட்டுவலிக்கு நல்லது என்று பெட்டியில் அச்சடித்தால் மறுநாள் கேள்வி வரும். தப்பான லேபிளுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 52-வது பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். பொய்யான விளம்பரத்துக்கு 53-வது பிரிவில் 10 லட்சம் வரை. சின்னக் குழு என்று பார்த்துக் குறைப்பார்களாக இருக்கலாம். குறைத்தாலும் மோர் விற்ற காசில் கட்டும் தொகையாக இருக்காது.

அப்படியானால் முன்பக்கம் என்னதான் போடுவது? உண்மையைப் போடுங்கள், அதுவே நன்றாக இருக்கிறது. ‘காய்ச்சிய பாலில் உறைமோர் ஊற்றிக் கடைந்தது’ என்று போடலாம். நீங்கள் மோரைக் கடைந்தபின் சூடுபடுத்துவதில்லை என்றால் அதையும் சொல்லலாம். பல மாதம் வெளியிலேயே வைக்கலாம் என்று பெட்டியில் வரும் மோரை, உறைந்தபின் சூடாக்கித்தான் அடைக்கிறார்கள். அதில் ஊற்றிய பாக்டீரியா உயிரோடு இருக்காது. உங்கள் மோருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வாங்குகிறவர் இந்த ஒரு வரியிலேயே பிடித்துக்கொள்வார். அம்பாசமுத்திரம் என்ற ஊர்ப் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். பாளையில் அதற்கே தனி மரியாதை உண்டு. ‘பாரம்பரிய’, ‘நேச்சுரல்’, ‘ஃபிரெஷ்’ என்று அக்கா மகன் மூலைக்கு மூலை தூவியிருக்கிறான். இந்தச் சொற்களுக்கும் 2018 விளம்பர விதிகளில் வரையறை இருக்கிறது. பாரம்பரிய என்பது தலைமுறையாக மாறாமல் வரும் செய்முறைக்குப் பொருந்தும், வைத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டும் எதற்கு?

தயிருக்குப் பெயர் போடுவதில் பயம் வேண்டாம். 2023 மார்ச்சில் எஃப்எஸ்எஸ்ஏஐ இந்திப் பெயரான ‘தஹி’ என்று போடச் சொல்லி, தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பி, அந்த மாதம் 30-ம் தேதியே மாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் கர்ட் என்று போட்டு அடைப்புக்குறிக்குள் தயிர் என்று போடலாம். ஆனால் கட்டாயமான விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழ் அதற்குக் கூடுதலாக. உங்கள் பின்பக்கம் முழுவதும் தமிழில் மட்டும் இருக்கிறது. படிக்கிறவர்களுக்கு வசதிதான், ஆனாலும் செல்லாது. சேர்மானங்களை அளவு அதிகமானது முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். உங்கள் மோரில் தண்ணீர்தான் அதிகம் என்றால் தண்ணீர்தான் முதலில் வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை. பால் உள்ளது என்ற ஒவ்வாமைக் குறிப்பு, ஊட்டச்சத்து விவரம், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், தொகுதி எண், தயாரித்த தேதி, இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும் என்ற கடைசித் தேதி, இவையெல்லாம் புரோபயாடிக் இல்லாத சாதாரண மோருக்கும் வேண்டும்.

இட்லி மாவைக் கேட்டிருந்தீர்கள். மாவு புளிப்பதும் பாக்டீரியா வேலைதான், லியூகோனாஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்பது அதில் முக்கியமான ஆள். ஆனால் இட்லிக் கொப்பரையில் பத்து நிமிஷம் ஆவியில் வெந்த பிறகு யார் உயிரோடு இருப்பார்? மாவைப் பச்சையாக யாரும் குடிப்பதில்லை. சூட்டைத் தாங்கும் வித்துக்களை உண்டாக்கும் பேசிலஸ் கோயாகுலன்ஸ் என்று ஒன்று உண்டு, ரொட்டி வகைகளில்கூடச் சேர்க்கிறார்கள். அதைத் தனியாக வாங்கிப் போட்டால்தான் உண்டு, அதற்கும் மேலே சொன்ன அத்தனை கட்டுப்பாடும் உண்டு. மாவை மாவாகவே விற்போம்.

இப்போது செய்ய வேண்டியது. சிலிண்டர் வேண்டாம், பிளெயின் கவரில் ஸ்டிக்கர் ஒட்டி ஆறு மாதம் ஓட்டுங்கள். வாசகம் நிலைத்த பிறகு சிவகாசிக்குப் போகலாம். அதற்குள் ஒரு வேலை இருக்கிறது. ஒரே நாளில் போட்ட மோரில் பன்னிரண்டு பாக்கெட் எடுத்து, நாலை உங்கள் ஃப்ரிட்ஜிலும், நாலை பஸ்ஸில் அனுப்பிப் பாளைக் கடைக்காரர் ஃப்ரிட்ஜிலும், நாலை வெளியே கூடத்திலும் வையுங்கள். தினமும் ஒவ்வொன்றாகப் பிரித்து, எப்போது புளிப்பு ஏறுகிறது, எப்போது கவர் உப்புகிறது என்று நோட்டில் எழுதுங்கள். உங்கள் ஃப்ரிட்ஜில் வைத்தது நாலு நாள் தாங்கி, கடைக்காரரிடம் வைத்தது இரண்டு நாளில் புளித்தால், லேபிளில் போட வேண்டிய கடைசித் தேதி இரண்டு நாளுக்கு உள்ளேதான். அந்தக் கடைக்காரர் ராத்திரி சுவிட்சை அணைக்கிறாரா என்பதும் அப்போது தெரிந்துவிடும். அந்தத் தேதியில் எடுத்த பாக்கெட்டைத்தான் ஆய்வகத்துக்கும் அனுப்ப வேண்டும்.

திருத்திய டிசைனை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அப்புறம், அக்கா மகனிடம் சொல்லுங்கள்: சைவக் குறிக்குப் பச்சைப் புள்ளி மட்டும் வைத்திருக்கிறான், அதைச் சுற்றிப் பச்சைச் சதுரக் கட்டமும் வர வேண்டும்.